காயாத வெள்ளை

தொட்டால் ஒட்டும் என்று தொடாமலே தெரிந்தது. ஆனாலும் செங்கமலம் சுண்டுவிரலைப் படத்து வானத்துக்கு அருகே கொண்டுபோய், ஒரு நெல்மணி தூரத்தில் நிறுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். பிறகு விரலை இழுத்துக்கொண்டாள். நேற்றுக் காலையில் வைத்த வெள்ளை. எண்ணெய்ச் சாயம், மூன்று நாளாவது ஈரம் இருக்கும், இந்த மார்கழிக் குளிருக்கு நான்கு நாள்கூட ஆகும். இடது கையில் சாயம் கரைக்கிற டர்பண்டைனில் நனைத்த துணி இருந்தது, அண்ணனின் பழைய பனியனைக் கிழித்தது. ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். அடியில் இருக்கிற வானம் காய்ந்து ஒரு மாதமாகிறது, அதற்கு ஒன்றும் ஆகாது. போனது யாருக்கும் தெரியாது. வந்ததே யாருக்கும் தெரியாதே. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதே கால். பதினோரு மணிக்கு விங் கமாண்டர் மாசிலாமணி வந்துவிடுவார், பார்ப்பார், எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதற்குள் துடைக்க வேண்டும், அல்லது துடைக்காமல் இருக்க வேண்டும். துடைக்காமல் இருப்பதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா நின்றால் போதும். அதுதான் பயமாக இருந்தது. சும்மா நின்றே முப்பது வருஷம் போயிருக்கிறதே. படம் நாலடி அகலம், மூன்றடி உயரம். வலது பக்கம் மேலே ஒரு குட்டி விமானம் சாய்ந்து திரும்புகிறது, எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் மாசிலாமணி ஓட்டியது. கண்ணாடி மூடிக்குள் கடுகளவு தலைகூட உண்டு, அவருடைய தலை. இடது பக்கம் கீழே எதிராளியின் விமானம், இறக்கை அடியிலிருந்து கறுப்புப் புகை. அதற்கும் கீழே, ரொம்பத் தொலைவில், குளிர்கால வயல்களும் மெலிந்த ஒரு ஆறும். அந்தப் புகைக்கும் அந்த ஆற்றுக்கும் நடுவில், வெறும் வானமாக இருந்த இடத்தில், அரை அங்குலத்துக்கு ஒரு வெள்ளைக் குடை. இந்த மாதிரிக் குடையைப் பாராசூட் என்று அண்ணன் சொல்லுவான். குடையின் அடியில் மயிரிழை போல ஒரு கோடு, கோட்டின் நுனியில் ஒரு புள்ளி. புள்ளி என்றால் ஆள்.

பாலை அடுப்பில் வைத்தோமா என்று திடுக்கிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். வைத்திருந்தாள், அணைத்தும் இருந்தாள். சிலிண்டர் வாயைத் திருகிப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். டிகாக்ஷன் போதுமா? அவர் ஒருவர், கூட டிரைவர் ஒருவர், அண்ணன், போதும். அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தால்? கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். கேட்டால் மரியாதையாக இருக்குமா? பெரிய பெரிய ஆபீசர்களுக்கெல்லாம் காபி கொடுத்த வீடுதான் இது. தாம்பரம் கேம்ப் ரோட்டில் தேவநாதன் வீடு எது என்று கேட்டால் ஆட்டோக்காரனுக்குத் தெரியாது, ஆனால் குன்னூரிலும் பெங்களூரிலும் ஓய்வுபெற்று உட்கார்ந்திருக்கிற பைலட்டுகளுக்குத் தெரியும். தேவநாதன் விமானப்படையில் பைலட் இல்லை. விமானத்தின் உடம்பைப் பழுதுபார்க்கிற சார்ஜெண்ட். இருபது வருஷம் தகட்டையும் ஆணியையும் தடவிய கை. வெளியே வந்தபின் அந்தக் கை படம் வரைய ஆரம்பித்தது, அதுவும் விமானப் படம், விமானச் சண்டைப் படம் மட்டும். மற்றவர்கள் வரைந்ததைப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். "பாரு கமலம், சண்டை போட்டுக்கிட்டு இருக்கான், இறக்கைக்கடியில எண்ணெய் டாங்கி தொங்குது. எவனாவது அதைத் தூக்கிக்கிட்டுச் சண்டைக்குப் போவானா? மொதல்ல அதை உதறிடுவான். கல்யாணத்துக்கு வந்தவன் பாய் படுக்கையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டே பந்தியில உக்காருவானா?" அப்படி ஒரு தப்பு அவன் படத்தில் வந்தது கிடையாது. கண் கெடுகிற வரைக்கும் கிடையாது. ஆறு வருஷமாயிற்று. கறுப்பு தெரியும், பச்சை தெரியும், சாம்பல் தெரியும். வெளிறிய நிறம் எல்லாம் பாலில் பால் ஊற்றின மாதிரி ஒன்றாகிவிடும். விமானத்தை வரைந்துவிடுவான், வானம் வராது. வானம் வராமல் விமானப் படம் என்ன படம்? அன்றைக்குப் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்த அவளைத் திரும்பிப் பார்க்காமல், "நீ போடுறியா, சும்மா நீலம்தானே" என்றான். சும்மா நீலம். அவள் ஆறு வருஷமாக மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்து, கொடியில் கிளிப்பை மாட்ட மறந்து, காற்றில் தலையணை உறை பறந்து பக்கத்து வீட்டுக்காரி கத்தி, இப்படியாகக் கற்றுக்கொண்ட நீலம். அடிவானத்தில் வெளுத்து, மேலே போகப் போகக் கறுக்கும். மேகத்தின் வயிறு வெள்ளை இல்லை, சாம்பலில் ஒரு சொட்டு சிவப்பு. எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. "எங்க நாத்தனார் ஆகாசத்தைக் குத்தகை எடுத்திருக்கா" என்பாள் அண்ணி. அண்ணி இப்போது மகள் பிரசவத்துக்கு ஐதராபாத் போயிருக்கிறாள். படத்தின் மூலையில் தேவநாதன் என்று மட்டும்தான் இருக்கும். இருக்கட்டும். வானத்தில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

"கமலம், என் நேவி ப்ளூ கோட்டை அயர்ன் பண்ணியா?" குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணனின் குரல். "நாற்காலியில இருக்குண்ணா." "மெடல் குத்தலாமா, வேணாமா?" "உங்க இஷ்டம்." "குத்தினா ரொம்ப ஆடுற மாதிரி இருக்கும். குத்தலைன்னா வாட்ச்மேன் மாதிரி இருப்பேன்." அவன் சிரித்தான், ஷேவிங் பிரஷ் கிண்ணத்தில் தட்டுப்படுகிற சத்தம். அவளும் சிரித்திருப்பாள், வேறு நாளாக இருந்தால். "கமலம், பென்சிலைக் கூர் சீவி வை. டூ பி. மறந்துடாத." மறக்கவில்லை. அதுவும் தயாராக ஜன்னல் கட்டையில் இருந்தது. அண்ணன் வீட்டு வழக்கம் அது, அவனே வைத்துக்கொண்ட வழக்கம். படத்தில் யாருடைய சண்டையோ அந்தப் பைலட் நேரில் வர வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். வால் எண் சரியா, சூரியன் சரியான பக்கமா, ஆறு அந்த வளைவுதானா. எல்லாம் சரி என்றால் கேன்வாஸின் பின்பக்கம் பென்சிலால், நான் பார்த்தது இதுதான் என்று எழுதிப் பெயரும் தேதியும் போட வேண்டும். போட்டபின் அந்தப் படத்தில் பிரஷ் படக்கூடாது. ஒரு தூசியைத் திருத்தக்கூடக் கூடாது. இருபத்திரண்டு படங்களுக்குப் பின்னால் அப்படிக் கையெழுத்து உண்டு. அதுதான் அண்ணனுக்கு எல்லாம். பணத்தைவிட அது. இருபத்துமூன்றாவதில் அவள் கை வைத்துவிட்டாள். நான் பார்த்தது இதுதான். குடையை அவர் பார்த்தாரா? பார்க்கவில்லையா? துணியிலிருந்து டர்பண்டைன் ஆவி ஏறி மூக்கு எரிந்தது. மறுபடியும் படத்தின் முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

மாசிலாமணி முன்பே இரண்டு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார், இங்கிலீஷில். அண்ணன் கடுதாசியைக் கண்ணுக்குப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு படித்துத் தமிழில் சொன்னான், அவள் கேட்டுக்கொண்டாள். பிற்பகல் மூன்று பத்து. சூரியன் இடது தோளுக்குப் பின்னால். மேகம் ஏழாயிரம் அடியில், எட்டில் மூன்று பங்கு. எதிராளியை முதலில் பார்த்தபோது அவன் வெயிலில் ஒரு மீன் மாதிரி மின்னினான். எல்லாம் இருந்தது, மேகத்தின் பங்கு வரைக்கும் இருந்தது. கடைசியில், வலது இறக்கையில் பட்டது, புகை, கீழே போனான், அவ்வளவுதான். கடுதாசி முடிந்துவிட்டது. "அப்புறம்?" என்று அவள் கேட்டாள். "அப்புறம் என்ன, திரும்பி வந்து இறங்கினாரு." "இல்ல, அந்த ஆளு?" அண்ணன் கடுதாசியைத் திருப்பிப் பார்த்தான், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "எழுதலையே" என்றான். எழுதவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா? அந்தக் கேள்வியோடுதான் வானம் முழுக்கப் போட்டாள். மேலேயிருந்து கீழே போட்டுக்கொண்டு வந்தவள் அந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றது. புகைக்குக் கீழே இத்தனை நீலம். இத்தனை காலி. அந்த விமானத்துக்குள் ஒரு ஆள் இருக்கிறான், தகட்டுக்குள்ளே, அவனுக்கும் ஒரு வீடு இருக்கும், வீட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருப்பாள் ஒருத்தி, மூன்று பத்துக்கு. அவளிடம் யார் போய் எதைச் சொல்லியிருப்பார்கள்? நேற்று விடிகாலையில் அண்ணன் எழுந்திருப்பதற்கு முன் கோலம் போட்டுவிட்டு வந்தாள், கையில் மாவு. கழுவினாள். துடைத்தாள். துடைத்த கை நேராக வெள்ளைக் குழாயை எடுத்தது. மெல்லிய பிரஷ். ஒரு அழுத்தல், ஒரு வளைவு, கீழே ஒரு கோடு, ஒரு புள்ளி. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நெஞ்சுக்குள்ளே ஏதோ பிடித்திருந்தது விட்டது. அப்பாடா, குதித்துவிட்டான் என்று நினைத்தாள். வாய்விட்டே சொன்னாள். குதிச்சிட்டான். பிறகு அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரித்தாள்.

புருஷன் சாரங்கன் குவைத்துக்குப் போனது எண்பத்தெட்டில். தண்ணீர் லாரி டிரைவர். போகும்போது மீனம்பாக்கத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஏதோ சொன்னான், வாய் அசைந்தது, கேட்கவில்லை, இவள் தலையை ஆட்டினாள். எதற்குத் தலையாட்டினோம் என்று இன்றுவரை தெரியாது. கதவைச் சாத்திக்கொள் என்று சொன்னானா, கடுதாசி போடு என்றானா, வந்துவிடுவேன் என்றானா. மூன்றுக்கும் பொருந்துகிற மாதிரித்தான் வாய் அசைந்தது. மாதம் ஒரு கடுதாசி. தொண்ணூறு ஜூலையில் வந்த கடுதாசியில், இங்கே வெயில் நூற்றுப் பதினெட்டு, உனக்கு மஞ்சள் பூப்போட்ட நைலக்ஸ் புடவை வாங்கி வைத்திருக்கிறேன் என்று இருந்தது. ஆகஸ்டில் அங்கே சண்டை வந்துவிட்டது. ரேடியோவில் சொன்னார்கள், பேப்பரில் போட்டார்கள், இங்கிருந்து விமானம் விமானமாகப் போய் ஆள்களை ஏற்றிவந்தார்கள். பம்பாயில் இறக்கி ரயிலில் அனுப்பினார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனில் அண்ணனும் அவளும் பதினோரு நாள் நின்றார்கள். ஒவ்வொரு வண்டியிலும் கறுத்துப்போய், தாடி வளர்ந்து, கையில் ஒன்றுமில்லாமல் இறங்கினார்கள். எல்லாத் தாடிக்குள்ளும் அவனைத் தேடினாள். மாயவரத்துக்காரர் ஒருவர் சொன்னார், "ஜோர்டான் எல்லையில பஸ்ஸுக்கு நிக்கும்போது பார்த்தேன்மா, மஞ்சள் கேன்ல தண்ணி வச்சிருந்தாரு." பக்கத்தில் நின்றவர், "யோவ், அது மதுரைக்காரன்யா" என்றார். இருவரும் அங்கேயே சண்டை போட்டுக்கொண்டார்கள், அவளை விட்டுவிட்டு. வந்தவர்கள் பட்டியலில் பெயர் இல்லை. செத்தவர்கள் பட்டியலிலும் இல்லை. இரண்டு பட்டியலுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அதற்கு யாரும் பட்டியல் போடுவதில்லை. மஞ்சள் கேன். ஏன் மஞ்சள்? நைலக்ஸும் மஞ்சள். நைலக்ஸ் மஞ்சளை நினைத்துக்கொண்டு நாமே கேனுக்கு மஞ்சள் பூசிவிட்டோமோ? இல்லை, மாயவரத்துக்காரர் மஞ்சள் என்றுதான் சொன்னார். சொன்னாரா?

பன்னிரண்டு வருஷம் ஆனதும் மாமியார் வீட்டார் ஆள் அனுப்பினார்கள். காணாமல் போனவனுக்குப் பன்னிரண்டு வருஷம் பார்க்க வேண்டும், அதற்கப்புறம் தர்ப்பைப் புல்லில் ஒரு உருவம் செய்து, அதை அவனென்று வைத்து, கொளுத்தி, காரியம் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் போன உயிர் அலையும் என்று ஐயர் சொன்னாராம். அண்ணன் தயங்கித் தயங்கி வந்து நின்றான். "ஒரு தடவை தலை முழுகிடு கமலம். எத்தனை நாளைக்கு?" அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள், "யார் பார்த்தா?" அவன் புரியாமல் நின்றான். "செத்துப்போனதை யார் பார்த்தா, சொல்லச் சொல்லுங்க. ஒரு ஆளு வந்து நான் பார்த்தேன்னு சொல்லட்டும். புல்லைக் கொளுத்துவானேன், நானே தலை முழுகுறேன்." யாரும் வரவில்லை. அவர்களே செய்துகொண்டார்கள், அவளைக் கூப்பிடவில்லை. அன்றைக்கும் குங்குமம் வைத்துக்கொண்டாள். இன்றைக்கும் வைத்திருக்கிறாள், ஐம்பத்தைந்து வயதில், பொட்டு கொஞ்சம் சின்னதாகிவிட்டது, எப்போது சின்னதாக்கினாள் என்று நினைவில்லை. விசேஷ வீட்டில் தாம்பூலத் தட்டு வரும்போது கொடுப்பவள் கை ஒரு நொடி நிற்கும். கொடுப்பதா, தாண்டிப்போவதா. அந்த ஒரு நொடி. அதற்குப் பயந்தே போகாமலாகிவிட்டாள். தாலியை அவிழ்த்தவர்களோடும் உட்கார முடியவில்லை, அணிந்தவர்களோடும் முடியவில்லை. மாடியில் கொடியின் கீழே உட்கார்ந்து மேகம் பார்க்கலாம். மேகம் எதையும் கேட்பதில்லை.

தலைக்கு மேலே பயிற்சி விமானம் ஒன்று ஒலித்துக்கொண்டு போனது, ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. படம் நடுங்குகிறதா என்று பார்த்தாள். குடை அப்படியே நின்றது. பத்து நாற்பது. துடைத்துவிடு செங்கமலம், அண்ணனின் பெயர் கெடும், இருபத்திரண்டு கையெழுத்து. அண்ணனுக்குக் கண் தெரியவில்லை என்பது வெளியே வரும். வானம் அவனுடையதில்லை என்பது வெளியே வரும். அப்புறம் யார் வருவார்கள் இந்த வீட்டுக்கு? சோறு போட்ட அண்ணன். துணியை விரலில் சுற்றினாள். கையைத் தூக்கினாள். புள்ளியைப் பார்த்தாள். இதைத் துடைத்தால் அவன் எங்கே போவான்? திரும்ப அந்தப் புகைக்குள்ளேயா? தொங்கிக்கொண்டிருக்கிறானே, ஆடிக்கொண்டு, வயல் பக்கம் இறங்குகிறான், கால் தரையில் படும், ஓடுவான், யாரோ தண்ணீர் கொடுப்பார்கள், மஞ்சள் கேனில். கை இறங்கிவிட்டது. ஒருவேளை அவருக்கும் பார்வை மங்கியிருக்கும். எழுபத்தைந்து வயது. ஒருவேளை நிஜமாகவே அவன் குதித்திருப்பான், எழுத மறந்திருப்பார், படத்தைப் பார்த்ததும் ஞாபகம் வரும், ஆமாம்மா, இங்கேதான், எப்படிக் கண்டுபிடிச்சீங்க என்பார். அப்படிச் சொல்கிற குரல்கூடக் காதில் கேட்டது. அது வாசல் கேட் சத்தம். பதினோரு மணி ஆகவில்லை. பட்டாளத்துக்காரர்கள் முன்னாலேயே வந்துவிடுவார்கள் என்பது எப்படி மறந்துபோயிற்று?

மாசிலாமணி உயரமாக இருப்பார் என்று நினைத்திருந்தாள். அவள் உயரம்தான் இருந்தார், அந்தக் குட்டி விமானத்துக்கு அதற்கு மேல் ஆகாது. வெள்ளை முழுக்கைச் சட்டை, காதில் மிஷின். அண்ணன் கோட்டோடு, மெடல் இல்லாமல், விறைப்பாக நின்றான். "என்னப்பா தேவநாதன், பொண்ணு பார்க்க வந்த மாதிரி நிக்கிற?" "சார், உக்காருங்க சார், காபி." "மொதல்ல பொண்ணைக் காட்டு." அவள் படத்தைவிட்டு விலகிச் சுவரோடு ஒட்டினாள், துணியைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். வலது மேல் மூலையிலிருந்து தொடங்கினார். வால் எண். "சரி." இறக்கையின் அடி. "டாங்கி இல்ல. தப்பிச்ச." அண்ணன் சிரித்தான். சூரியன். "மூணு பத்து. சரியா இருக்கு." கண்ணாடி மெல்ல மெல்ல நகர்ந்தது. "இந்த மேகம். இதேதான்ப்பா. இதுக்குள்ளதான் அவன் நுழையப் பார்த்தான். வயித்துல இந்தச் சிவப்பு, இதை நான் எழுதவே இல்லையே." அண்ணன் கோட்டுப் பொத்தானைத் திருகினான். கண்ணாடி இடது பக்கம் இறங்கியது. புகை. புகைக்குக் கீழே. நின்றது. அவளுக்குக் காதுக்குள் அந்தப் பயிற்சி விமானம் மறுபடியும் ஓடியது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. "தேவநாதன்." "சார்." "இந்தப் பாராசூட் யாரு சொல்லிப் போட்ட?" "பாராசூட்டா?" அண்ணன் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, கோழி பார்ப்பது போல, கேன்வாஸில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்தான். தேடினான். அவன் தேடுவது பார்க்கச் சகிக்கவில்லை. குடைக்கு ஒரு சாண் தள்ளித் தேடிக்கொண்டிருந்தான். "நான் போட்டேன்" என்றாள் செங்கமலம். மறுபடியும் சொன்னாள். "நான்தான் போட்டேங்க. வானம் எல்லாமே நான்தான். அண்ணனுக்குத் தெரியாது. அண்ணனுக்கு வெள்ளை தெரியாது." அண்ணன் நிமிரவில்லை. நெற்றியைக் கேன்வாஸ் சட்டத்தில் முட்டுக்கொடுத்த மாதிரி அப்படியே நின்றான்.

அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். "யாருக்காகம்மா போட்டீங்க?" இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. ஏன் போட்டாய் என்று கேட்பார் என்றிருந்தாள். "எங்க வீட்டுக்காரரு" என்றாள். "குவைத். தொண்ணூறுல." அவர் தலையை ஆட்டினார், நாற்காலியை இழுத்துப் படத்துக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் பக்கம் பார்க்காமல், ஆற்றைப் பார்த்துப் பேசினார். "அன்னைக்கு இறங்கினவுடனே கேட்டாங்க, பாராசூட் பார்த்தியான்னு. நான் ரெண்டு தடவை சுத்திப் பார்த்துட்டுத்தான் வந்தேன். எண்ணெய் தீரப்போகுது, அப்படியும் சுத்தினேன். ஒண்ணுமில்ல. வயல்ல ஒரு தீ, அவ்வளவுதான். ஆனா எல்லாரும் தோளைத் தட்டுறான், ரம் ஊத்துறான். எனக்கு இருபத்தாறு வயசு. தூங்கணும். பார்த்தேன்னு சொல்லிட்டேன். ரிப்போர்ட்ல எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டேன். நான்தான்மா மொதல்ல இந்தக் குடையை வரைஞ்சது." அண்ணன் நிமிர்ந்தான். "அது எப்படியோ அந்தப் பக்கம் போயிருக்கு. இருபத்தாறு வருஷம் கழிச்சு எனக்கு ஒரு கடுதாசி வருது. அந்த ஆளோட சம்சாரம். என் புருஷன் குதிச்சதை நீங்க பார்த்திருக்கீங்க, எந்த ஜெயில்ல வச்சிருக்கீங்க, ஒரு தடவை கண்ணுல காட்டச் சொல்லுங்க. இருபத்தாறு வருஷமா அந்தம்மா ஒவ்வொரு ஆபீசா ஏறி இறங்கியிருக்கு. ஒவ்வொரு கைதி விடுதலைக்கும் எல்லையில போய் நின்னிருக்கு." சென்ட்ரல் ஸ்டேஷன், பதினோரு நாள் என்று செங்கமலம் நினைத்தாள். இருபத்தாறு வருஷம் சென்ட்ரல் ஸ்டேஷன். "என்ன எழுதினீங்க?" என்று கேட்டது அவள் குரல்தான். "நிஜத்தை எழுதினேன். எழுத ஆறு மாசம் ஆச்சு. நான் பார்க்கலை, குடை இல்லை, மன்னிச்சுடுங்கன்னு." "அவங்க?" "உடனே பதில் வரலை." ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "ஒரே ஒரு வரி வந்தது. அடுத்த வருஷம். நான் இப்ப தூங்குறேன்னு" என்றார்.

வெளியே டிரைவர் காரைத் துடைக்கிற சத்தம். மாசிலாமணி ஜன்னல் கட்டையிலிருந்து பென்சிலை எடுத்தார், கூரைப் பார்த்தார், விரலிடுக்கில் வைத்துக்கொண்டார். "படம் உங்களுது, உங்க இஷ்டம். இப்படியே இருந்தாலும் எடுத்துட்டுப் போறேன், இந்த மேகத்துக்காகவே. ஆனா பின்னாடி எழுத மாட்டேன். பார்க்காததுக்குக் கீழே ஒரு தடவை கையெழுத்துப் போட்டாச்சு." அண்ணன் வாயைத் திறந்தான். துடை என்று சொல்லப்போகிறான் என்று அவளுக்குப் பட்டது. சொல்லவில்லை. "கமலம்" என்று மட்டும் சொன்னான், சின்ன வயதில் கிணற்றை எட்டிப் பார்க்கும்போது கூப்பிடுவானே, அந்தக் குரலில். யார் பார்த்தா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், முப்பது வருஷம். பார்த்த ஆள் ஒருவர் வர வேண்டும் என்று. வந்திருக்கிறார். ஆனால் இவர் பார்த்தது வேறு வானம், வேறு ஆள். சாரங்கனை இவர் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்கப்போவதும் இல்லை. மாயவரத்துக்காரர் பார்த்தது மதுரைக்காரனை. அது அன்றைக்கே தெரியும், பிளாட்பாரத்தில் நின்றுகொண்டே தெரியும். தெரிந்ததை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள்? தலைப்புக்குள்ளிருந்து துணியை எடுத்தாள். காய்ந்திருந்தது. புட்டியைத் திறந்து மறுபடியும் நனைத்தாள், பிழிந்தாள், விரலில் சுற்றினாள். புள்ளியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று குடையிலிருந்து ஆரம்பித்தாள். வெள்ளை முதலில் இழுபட்டுச் சின்ன மேகம் மாதிரி ஆனது, பிறகு துணிக்கு வந்துவிட்டது. கோடு வந்துவிட்டது. புள்ளி ஒரு தடவையில் வரவில்லை. துணியின் வேறு மூலையைச் சுற்றிக்கொண்டு, மெதுவாக, குழந்தைக்குக் கண்ணோரம் துடைப்பது போலத் துடைத்தாள். வந்துவிட்டது. அடியில் அவள் போட்ட வானம் அப்படியே இருந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல். புகையிலிருந்து ஆறு வரைக்கும் நீலம்.

பென்சில் கேன்வாஸின் பின்புறத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. துணியை வெள்ளை உள்ளே போகிற மாதிரி மடித்து எடுத்துக்கொண்டு, கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, டபராவும் டம்ளரும் கழுவிக் கவிழ்த்திருப்பதைத் தாண்டிப் பின்கட்டுக் குளியலறைக்குப் போனாள். காலையில் ஒரு தடவை குளித்தாகிவிட்டது. வெந்நீர் போட நேரமில்லை, போட்டால் கேட்பார்கள். துணியை ஜன்னல் மேட்டில் வைத்தாள். புடவையோடு மணையில் உட்கார்ந்து குழாயைத் திறந்தாள். வாளி நிறைகிற வரைக்கும் காத்திருந்தாள், எதற்கென்றே தெரியாமல் வாளி நிறைவதைப் பார்த்துக்கொண்டே. பிறகு முதல் சொம்பைத் தலையில் ஊற்றினாள். மார்கழித் தண்ணீர். மூச்சு நின்று வந்தது. இரண்டாவது. குங்குமம் கரைந்து மூக்கோரமாக இறங்கி மடியில் சொட்டியது, அதைத் துடைக்கவில்லை. கையில் டர்பண்டைன் வாசனை மட்டும் போகவில்லை, சோப்புப் போட்டாலும் போகாது, அவளுக்குத் தெரியும். "கமலம்" என்று கதவுக்கு வெளியே அண்ணன் வந்து நின்றான். தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டிருக்கிறான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "காபியை நான் கலந்துக்கறேன். அவருக்குச் சர்க்கரை வேணாமாம். நீ மெதுவா வா" என்றான். அவள் சொம்பை வாளியில் முக்கினாள்.

"இன்னும் ரெண்டு சொம்புதான்ணா" என்றாள்.